முதல் அளவை எழுதாத நாட்கள்

இதை எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். அதிலும் கணக்கில் தேறியது இன்றுவரை எனக்கே நம்ப முடியாத விஷயம். பஸ்ஸில் போனால், என் நிறுத்தம் வரும்போது கண்டக்டரிடம் சத்தம் போட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கும்போது சேர்ந்து இறங்கி, திரும்பி நடந்து வருகிறவள். அப்படிப்பட்டவள், கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்களே மண்டையை உடைத்துக்கொள்ளும் கணக்கைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு தப்பு நடந்தது. அதைச் செய்தது நான். எப்படிச் செய்தேன் என்று என்னைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோம்பையைத் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே கண்மாய். கண்மாய்க் கரையின் காலடியிலேயே முப்பது வீடுகள், ஒரு பால்வாடி. அந்த முப்பதில் ஒன்று எங்கள் வீடு. வீட்டுக்குக் கிழக்கே வயல். அதில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். மலையில் மழை பெய்தால் ஓடை வழியாகத் தண்ணீர் வந்து கண்மாய் நிரம்பும். நிரம்பிய பிறகு மிச்சத் தண்ணீர் வடகோடியில் மறுகால் வழியாக வெளியே போய்விடும். அதற்கு மேல் மட்டம் ஏறாது.

கரையின் அடியில் ஓரிடத்தில் தண்ணீர் எப்போதும் கொஞ்சம் கசியும். மண் கரை என்றால் கசியத்தான் செய்யும். தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர், போன வருஷம் புரட்டாசியில் வந்து, அந்தக் கசிவைச் சின்னச் சிமெண்ட் தொட்டியில் சேர்த்து, தொட்டியிலிருந்து ஒரு குழாய் வைத்தார். குழாயின் கீழே பத்து லிட்டர் பெயிண்ட் வாளியை வைத்து, கோடு போட்ட இடம்வரை நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று காலையிலும் சாயங்காலமும் யாராவது அளந்து எழுத வேண்டும். வீடு பக்கத்தில் இருப்பதால் என்னைக் கேட்டார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. முடியாது என்று சொல்லவும் எனக்குக் கூச்சம். சரி என்றேன்.

வினாடி குறைந்தால் கசிவு கூடுகிறது என்று அர்த்தம். அது மட்டும் நினைவில் இருந்தால் போதும், மற்றதெல்லாம் பிறகு புரியும்.

காலையில் எழுந்ததும் தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிப்பேன். அதையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போவேன். அளந்ததைத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்து, வீட்டில் பேனாவால் நோட்டில் ஏற்றுவேன். சாயங்காலத்துக்கும் அதே தாள்தான். தாளில் சாமி படம் இருப்பதால் அடுப்பில் போட மனம் வராது. சமையலறைச் சுவரில் தொங்கும் வளைந்த கம்பியில் குத்தி வைத்துவிடுவேன்.

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற பெண்கள் அந்த நேரத்தில்தான் கரையோரமாகப் போவார்கள். "என்னக்கா, தண்ணிக்கு ஜாதகம் எழுதுறியா? எப்பக் கல்யாணம்?" என்று கத்திக்கொண்டு போவார்கள். நான் வாளியைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

தப்பு இரண்டாவது வாரத்தில் தொடங்கியது. முந்தின நாள் சாயங்காலம் நூற்று முப்பது. அன்று காலை நூற்றுப் பதினெட்டு. எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒழுங்காக ஒரு வாளியைப் பிடிக்கத் தெரியாதா என்று டீச்சர் நினைப்பாரே. வாளியைக் கவிழ்த்து மறுபடி அளந்தேன். நூற்று முப்பத்தாறு. மறுபடியும் அளந்தேன். நூற்று இருபத்தொன்பது வந்தது. தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்த மூன்றில் அதை வட்டம் போட்டு நோட்டில் எழுதினேன். மனம் சமாதானமானது. குழாயில் இலை சிக்கியிருக்கும், வாளி சாய்ந்திருக்கும், என் விரல் செல்போன் பொத்தானை முந்தியோ பிந்தியோ அழுத்தியிருக்கும். சரியான அளவு நேற்றையதை ஒட்டித்தானே இருக்க வேண்டும்? அப்படித்தான் நினைத்தேன். அன்றிலிருந்து, நேற்றையதுக்குப் பக்கத்தில் வரும்வரை அளப்பது என் வழக்கமாகிவிட்டது. நான் பொய் எழுதவில்லை. அளந்ததில் ஒன்றைத்தான் எழுதினேன்.

டீச்சர் வாரம் ஒரு தடவை வந்து நோட்டைப் படம் எடுத்துக்கொண்டு போவார். ஒரு நாள், கேட்டே விடுவது என்று துணிந்து கேட்டேன்.

"டீச்சர், இம்புட்டு எண்ண வச்சு என்ன செய்வீக?"

"ஒரு கோடு போடுவேன்க்கா."

"கோடு போட ஸ்கேல் போதாதா?"

அவர் சிரித்தார். "நேர்கோடு இல்லக்கா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு அளக்குறீக. நடுவுல பத்து மணிக்கு எம்புட்டுக் கசிஞ்சது? பத்து மணி ஒரு நிமிஷத்துக்கு? அதுக்கும் இதுக்கும் நடுவுல?"

"அப்பவும் கசிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும்."

"ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு எண் இருக்குல்ல. எண்ணி முடியாது. அத்தனையும் எனக்குத் தெரியணும். கையில இருக்கதோ நீங்க எழுதுன நாப்பதுதான்."

தெரியாத எண் இரண்டு இருந்தால் இரண்டு சமன்பாடு வேண்டும் என்று பத்தாம் வகுப்பில் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. வெட்கத்தோடு அதைச் சொன்னேன். டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது.

"அதேதான். இங்க தெரியாதது எண்ணில் அடங்காதது. அதனால விடையும் எண்ணில் அடங்காம இருக்கு. அந்த நாப்பது புள்ளி வழியா எப்பிடி வேணாலும் நெளிச்சுக் கோடு போடலாம். எல்லாமே சரிதான். அதுல எத எடுக்குறதுங்கறதுதான் என் வேலையே."

சொல்லிவிட்டு வாசலில் சாத்தியிருந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினார். என் வீட்டுக்காரர் கொல்லையில் போட்டு வைத்திருந்த பலகையை எடுத்து, என் நோட்டில் இருந்த பத்து அளவுகளுக்குப் பத்து ஆணிகள் மேலும் கீழுமாக அடிக்கச் சொன்னார். நான்தான் அடித்தேன். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, மறுமுனையை ஈர்க்கில் கோத்தார். கையை எடுத்ததும் ஈர்க்கு லேசாக ஆடி, ஒரு வளைவில் நின்றது. எந்த ஆணியையும் அது சரியாகத் தொடவில்லை. எல்லா ஆணிக்கும் பக்கத்தில் போனது.

"ரப்பர் ஈர்க்கை ஆணிகிட்ட இழுக்குது. ஈர்க்கு வளைய மாட்டேங்குது. ரெண்டும் சண்டை போட்டு, ஒரு இடத்துல சமாதானமாப் போகுது. ரப்பரை ரெண்டு மடங்கு இழுத்தா, அதுல ஏறுற சக்தி நாலு மடங்கு கணக்கு. மூணு மடங்குக்கு ஒம்போது. அதனால ஒரு ஆணிய ரொம்பத் தள்ளி விடுறதுக்குப் பதிலா, எல்லா ஆணியையும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி விடும். இந்த ஈர்க்குல எத்தன புள்ளி இருக்கு?"

"எண்ண முடியாது."

"ஆனா பத்து ரப்பர் எங்கன, எம்புட்டு இழுக்குதுன்னு தெரிஞ்சாப் போதும். முழு ஈர்க்கும் எங்க நிக்கும்னு சொல்லிரலாம். எண்ணி முடியாதது பத்துக்குள்ள அடங்கிப் போகுது பாருங்க."

எத்தனையோ வருஷமாக அந்த விளக்குமாற்றால் வாசல் பெருக்குகிறேன். அன்றைக்கு ஈர்க்கைப் பார்த்த மாதிரி அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"தடி ஈர்க்கா இருந்தா?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி. தடி ஈர்க்கு வளையாது, நேராப் போயிரும். ரொம்ப மெல்லிசா இருந்தா ஒவ்வொரு ஆணியையும் தொட்டுக்கிட்டு நெளிநெளியாப் போகும். எது வேணும்னு கம்ப்யூட்டரே பாத்துக்கும். ஒரு அளவ மறைச்சு வச்சிக்கிட்டு, மத்தத வச்சு ஈர்க்க வளைச்சு, மறைச்ச அளவ எம்புட்டு கிட்டச் சொல்லுதுன்னு பாக்கும். இப்பிடி ஒவ்வொண்ணா மறைச்சு மறைச்சுப் பாத்து, எந்தத் தடிமன் நல்லாச் சொல்லுதோ அத எடுத்துக்கும். அளவு முன்னப்பின்ன இருந்தாக் கவலைப்படாதீக. அதச் சரிபண்ணத்தான் இந்த ஈர்க்கு."

அந்தக் கடைசி வார்த்தையை நான் அப்போதே காதில் வாங்கியிருக்க வேண்டும். அளவு முன்னப்பின்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். நோட்டில் அப்படி எதுவும் இல்லையே. சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. பாலைப் பொங்கவிட்டு ஊரே கும்பிட்டது. பல வருஷத்துக்குப் பிறகு இரண்டு போகத்துக்கும் தண்ணீர் இருக்கும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. நாங்களும் நாற்றுப் பாவினோம். அன்றைக்கு அளவு தொண்ணூற்றிரண்டு. மறுகால் பாய்ந்த பிறகு மட்டம் ஏறாது. மட்டம் ஏறாவிட்டால் கசிவும் அப்படியே நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. நான்கைந்து நாளில் முதல் அளவு எண்பத்து நாலு வந்தது. மறுபடி அளந்தேன், எழுபத்தொன்பது. ஆறு தடவை அளந்தும் தொண்ணூறு வரவில்லை. நோட்டில் நேற்றையதைப் பார்த்தேன். அதில் ஒன்றைக் குறைத்து எழுதினேன். மழைத் தண்ணீரும் தொட்டியில் சேருகிறது, மழை விட்டால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "மழைத் தண்ணிதான், விடு" என்றார். இருவருக்கும் அது பிடித்த பதில். கசிவு கூடுகிறது என்று சொன்னால் மடையைத் திறந்து கண்மாயை இறக்குவார்கள். வாய்க்கால் நிறையத் தண்ணீர் வந்தால் பள்ளத்தில் இருக்கும் எங்கள் நாற்றங்கால்தான் முதலில் மூழ்கும். கூச்சத்தால் எழுதினேனா, நாற்றுக்காக எழுதினேனா என்று கேட்டால் இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுகால் பாய்ந்த பன்னிரண்டாம் நாள் காலை முதல் அளவு ஐம்பத்தெட்டு. அதற்குப் பிறகு அறுபத்து மூன்று, ஐம்பத்தைந்து, அறுபது. நோட்டில் எண்பத்தைந்து என்று எழுதினேன்.

அன்றைக்குத்தான் உத்தமபாளையத்திலிருந்து பொறியாளர் வந்தார். இன்னும் மூன்று நாள் கனமழை என்று செய்தி. கண்மாயை முன்கூட்டியே இறக்குவதா, வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். டீச்சரையும் வரச் சொல்லியிருந்தார்கள். முற்பகல் பதினொன்றரைக்குக் கரையில் நாற்பது பேர் இருந்தார்கள். லேசான தூறல். மேற்கே மலை தெரியவில்லை, கறுப்பாக மேகம்தான் நின்றது.

பாசன சங்கத் தலைவர் எனக்கு மாமா முறை. பேச ஆரம்பித்தால் வாயை மூட மாட்டார். "சார், ஒரு சொட்டுக்கூட வெளிய விட மாட்டோம். இந்தத் தண்ணி வந்ததே வரம்" என்று பொறியாளர் பின்னாலேயே நடந்தார்.

பொறியாளர் கீழே இறங்கித் தொட்டியைப் பார்த்தார். தண்ணீர் கொஞ்சம் கலங்கியிருந்தது. "கரை மண்ணா, மழையில கரைஞ்சு வந்த மண்ணா, எதுன்னு சொல்ல முடியலையே" என்று நெற்றியைத் தேய்த்தார். "அளவு என்ன சொல்லுது, மேடம்?"

டீச்சர் மடை மேடையில் குடைக்கு அடியில் கம்ப்யூட்டரை மடியில் வைத்து, என் நோட்டைப் பார்த்து எண்களை ஏற்றினார். திரையில் கோடு வந்தது. மறுகால் பாய்ந்த நாளிலிருந்து ஏறக்குறையத் தட்டையான கோடு. பன்னிரண்டு நாளில் ஏழு வினாடி இறக்கம்.

"இதுக்காக மடையைத் திறக்க வேண்டியதில்ல" என்றார் பொறியாளர். சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

டீச்சர் மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சார், பத்து நிமிஷம் குடுங்க. ஈர்க்கு ரொம்ப மெல்லிசா எடுத்திருக்கு."

"என்னது?"

"கோடு எல்லாப் புள்ளியையும் தொட்டுக்கிட்டுப் போகுது. அப்பிடின்னா அளவுல பிசகே இல்லன்னு கம்ப்யூட்டர் நம்புது. வாளிய வச்சு இம்புட்டுச் சுத்தமா யாராலயும் அளக்க முடியாது."

தலைவர் விடுவாரா. "டீச்சரம்மா ஈர்க்குச்சியப் பாத்துக் கண்மாயத் தொறக்கச் சொல்றாக. நாளைக்கு முழு விளக்குமாத்தையும் கொண்டாந்து மழைய நிப்பாட்டச் சொல்வாக!" நாற்பது பேரும் சிரித்தார்கள்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். நான் பெண்களோடு பின்னால் நின்றேன். "அக்கா, அளக்கும்போது ஒரு நாள்கூடக் கை தவறுனதில்லையா?"

எல்லா முகங்களும் என்மேல் திரும்பின.

"இல்ல டீச்சர்" என்றேன்.

அதுவரை செய்ததை எந்தப் பெயரில் சொன்னாலும் சரி, இது பொய். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. டீச்சர் மேலே எதுவும் கேட்கவில்லை. என்னை நம்பினார்.

பொறியாளர் ஜீப்பை நோக்கி நடந்தார். என்னைக் கடக்கும்போது நின்று, "நோட்டு ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்கம்மா. எல்லா ஊர்லயும் உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா எங்களுக்குப் பாதிக் கவலை இல்ல" என்றார்.

என் வாழ்நாளில் நாலு பேர் நடுவில் என்னை யாரும் புகழ்ந்ததில்லை. கம்ப்யூட்டர் அளவை மறைத்துப் பார்க்கிற விஷயம் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. என் நோட்டில் எந்த எண்ணை மறைத்தாலும் பக்கத்து எண் அதைச் சரியாகச் சொல்லிவிடும். ஏனென்றால் பக்கத்து எண்ணைப் பார்த்துத்தான் நான் அதை எழுதினேன். கம்ப்யூட்டர் என்னை நம்பியது. டீச்சர் நம்பினார். இப்போது இவரும் நம்பிப் போகிறார். கரைக்குக் கீழே முப்பது வீடு இருக்கிறது. பால்வாடியில் பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள்.

"சார், போயிராதீக" என்றேன். என் குரல் எனக்கே கேட்டதா என்று தெரியவில்லை. ஜீப் கதவில் கை வைத்தவர் திரும்பினார். "ஒரு அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

கம்பியோடு தாள்களை எடுத்துக்கொண்டு திரும்பினால், வீட்டுக்காரர் நிலையில் நின்றார். என் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"இந்தா, அதத் தூக்கிக்கிட்டு எங்க போற?"

"காட்டப் போறேன்."

"காட்டுனா மடையத் தொறந்துருவாக. நாத்து என்னாகும்னு தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"காலையில மொதல்ல வந்தது அம்பத்தெட்டுங்க. நோட்டுல எம்பத்தஞ்சுன்னு எழுதிட்டேன்."

அவர் கண்மாய்க் கரையைப் பார்த்தார். பிறகு மாடத்திலிருந்து குடையை எடுத்து விரித்தார். "தாள் நனைஞ்சிரும். உள்ள தள்ளிப் பிடி" என்று சொல்லி, என்கூடவே நடந்தார்.

கரையில் எல்லோர் முன்னாலும் கம்பியை டீச்சரிடம் நீட்டினேன். "ஒவ்வொரு தாள்லயும் காலைக்கும் சாயங்காலத்துக்கும் மேல இருக்கது மொதல் அளவு. நோட்டுல இருக்கது நான் ஒழுங்கு பண்ணி எழுதுனது. கடைசி வாரம் அளந்தத விட்டுட்டு நானா ஒண்ண எழுதுனேன்" என்றேன்.

டீச்சர் கம்பியை வாங்கி, முதல் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

தலைவர்தான் முதலில் வெடித்தார். "இத்தன நாளா ஊரையே ஏமாத்திப்புட்டு, இப்ப வந்து இது நெசம்ங்கிற. இந்தத் தாளு மட்டும் நெசம்னு எப்பிடி ஆத்தா நம்புறது? ஏன்த்தா, வயலு வச்சிருக்கவன் வயித்துல அடிக்கவா வந்த?"

அவர் கேட்டதில் தப்பில்லை. வீட்டுக்காரர், "எங்களுக்கும் அங்கனதான மாமா நாத்து இருக்கு" என்றார், மெதுவாக.

பொறியாளர் கையை உயர்த்தினார். "சண்டை வேண்டாம். இப்பவே எல்லார் முன்னாடியும் அளப்போம்."

"ஏலே, ஆளுக்கு ஒரு செல்ல எடுங்கடா! ஒருத்தனும் கண்ண மூடக் கூடாது" என்று தலைவர் முதல் ஆளாகக் கீழே இறங்கினார். வாளியை அவரே வைத்தார். நாற்பது பேர் ஒரு வாளி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலைவருக்கு ஐம்பத்து மூன்று. பொறியாளருக்கு ஐம்பத்தேழு. இன்னொருவருக்கு ஐம்பத்து நாலு. என் வீட்டுக்காரருக்கு அறுபது.

"ஆளுக்கு ஒண்ணு வருது, இதப் போயி அளவுங்கிறாக" என்றார் ஒருவர்.

"அளவுன்னா இப்பிடித்தான் வரும்" என்றார் டீச்சர். எண்களை வேகமாகக் குறித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் பொறியாளர் முகம் தெளியவில்லை. "சரி, கூடியிருக்கு. ஆனா இது இன்னிக்குப் பெய்த மழைத் தண்ணியா, கரைக்குள்ள இருந்து பல நாளா கூடி வந்ததா? மழைன்னா நான் பயப்பட வேண்டியதில்ல. கரைன்னா ஒரு மணி நேரம்கூட நான் காத்திருக்க முடியாது."

அதற்குத்தான் தாள்கள் வேண்டியிருந்தன. டீச்சர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நான் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, தேதியையும் முதல் அளவையும் வாசிக்க வேண்டும். காலையில் கிழித்த தாள் என்பதால் அதில் இருப்பது முந்தின நாள் தேதி. ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வாசித்தேன். நாற்பது பேர் கேட்க, நூற்றுக்கு மேற்பட்ட எண்களை வாசித்தேன். எனக்கே அது யாருடைய குரலோ போலிருந்தது. "தொண்ணூத்தேழு... எம்பத்தெட்டு... தொண்ணூறு... எம்பத்து நாலு... தொண்ணூத்து மூணு... எழுவத்தொம்போது..." எண்கள் ஆடு மேய்வது மாதிரி இங்கும் அங்கும் போயின. எந்த நாளில் மழை, எந்த நாளில் வெயில் என்று டீச்சர் கேட்க, ஆளாளுக்குச் சொன்னார்கள். "அது சனிக்கிழமை, நாங்க குச்சனூருக்குப் போயிட்டு வந்தோம், நல்ல வெயிலு" என்றார் ஒருவர்.

கடைசித் தாளை வாசித்து முடித்தேன். டீச்சர் ஒரு பொத்தானை அழுத்தினார்.

இந்தத் தடவை கம்ப்யூட்டர் தடித்த ஈர்க்கை எடுத்தது. புள்ளிகள் கோட்டுக்கு மேலும் கீழும் சிதறிக் கிடந்தன. கோடு எதையும் தொடவில்லை. மறுகால் பாய்ந்த பிறகு தொண்ணூறுக்குப் பக்கத்தில் சில நாள் போய், பிறகு மெதுவாகக் குனிந்து, கடைசி ஐந்து நாளில் சரிந்து இறங்கியது. வெயில் அடித்த சனிக்கிழமையிலும் அது இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

தலைவர் திரைக்கு மிக அருகில் குனிந்தார். விரலால் அந்தச் சரிவைத் தொட்டார். "இது இப்பிடியே போனா எங்கன போகும்?"

"அதுதான் எனக்குத் தெரியாதுங்க மாமா" என்றார் டீச்சர். டீச்சரும் தலைவரை மாமா என்றே கூப்பிட்டதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. "கடைசி ஆணிக்கு அந்தப் பக்கம் இழுக்க ரப்பர் கிடையாது. அங்க ஈர்க்கு பாட்டுக்கு நேரா நீட்டிக்கிட்டு நிக்கும். அத நம்பி ஒண்ணும் சொல்லக் கூடாது. இதுவரைக்கும் வந்தத மட்டும்தான் சொல்ல முடியும். மட்டம் ஏறல, ஆனா கசிவு ஏறுது. ஒவ்வொரு நாளும் முன்னவிட வேகமா ஏறுது."

பொறியாளர் தலைவரைப் பார்த்தார். திறக்கச் சொல்கிற அதிகாரம் பொறியாளருக்கு உண்டு. ஆனாலும் அவர் காத்திருந்தார்.

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பால்வாடிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "பிள்ளைகள மொதல்ல மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்துங்க. கீழ் வீட்டுக்காரக எல்லாரும் கெளம்பட்டும்" என்றார். பிறகு மடைக்காரரிடம், "ரெண்டு மடையையும் தொறந்துரு" என்றார். என்னைத் தாண்டிப் போகும்போது, "ஒழுங்கு பண்ணி எழுதுனாளாம்ல ஒழுங்கு பண்ணி" என்று முனகிக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

மடைத் திருகை இரண்டு பேர் சேர்ந்து சுற்றினார்கள். வாய்க்காலில் தண்ணீர் செம்மண் நிறத்தில் விழுந்தது. அது எங்கள் வயலுக்குப் போகிற வாய்க்கால். நானும் வீட்டுக்காரரும் அரிசி மூட்டையையும் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். நோட்டை டீச்சர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. எந்த வாரத்திலிருந்து அப்படி எழுத ஆரம்பித்தேன் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை கண்மாய் ஒன்றரை அடி இறங்கியிருந்தது. உள்சரிவில் தண்ணீர் விலகிய இடத்தில் என் முழங்கை நுழையும் அகலத்துக்குக் கரைக்குள் போகிற ஒரு வளை தெரிந்தது. நாற்பது மணல் மூட்டைகள் போட்டு அடைத்தார்கள். எங்கள் நாற்றங்கால் மூழ்கிப் போயிருந்தது. ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்து, காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு போய் ஒரு தடவை அளந்தேன். எழுபத்து மூன்று. அதை எழுதினேன்.